செதில் ஒட்டிய கடிதம்

காய்ந்த மீன் செதில் கையில் ஒட்டியிருந்தால் தோலை மெல்ல இழுக்கும்; அந்த இழுப்பில் எனக்குத் திருகோணமலையில் யப்பான்காரன் குண்டு போட்ட காலம் வந்துவிடும்.

துறைமுகத்தில் கூலி வேலை செய்த அப்பாவின் கால் அன்று இடிபாட்டுக்குள் அகப்பட, அவரை இழுத்தெடுத்து ஆசுபத்திரிவரை தோளில் சுமந்தவர் ஒரு வெள்ளைக்கார "நேவிக்காரர்", யூதர். அப்பா நடக்கத் தொடங்கியதும் அவரைச் சாப்பிட அழைத்தோம். சல்லி என்ற மீனவர் ஊரில் பிறந்த அம்மா புதுச் சட்டி வாங்கி, விருந்தாளியின் வாயில் தோல் தட்டுப்படக் கூடாதென்று சூரை மீனை முழுக்கத் தோலுரித்துக் கறி வைத்தார். வந்தவரோ வாழைப்பழம் ஒன்றை மட்டும் தின்றுவிட்டுத் தலைகுனிந்து இருந்தார்.

"எங்கட கையால தின்னப் பிடிக்கேல்லையெண்டா நேரா சொல்லலாம்தானே," என்று குசினிக்குள் அம்மா அழுதார். எனக்கும் அந்த மனிதர்மேல் கோபம் கோபமாக வந்தது.

அப்பாவின் அரைகுறை ஆங்கிலத்தில்தான் விஷயம் வெளிவந்தது. நீந்தும் செட்டையும் உடம்பில் செதிலும் உள்ள மீனை மட்டுமே அவர்களுடைய வேதம் அனுமதிக்கிறதாம். தோலுரித்த துண்டில் அவர் எதைப் பார்ப்பார்?

"சூரைக்குச் செதில் இல்லையெண்டு ஆர் சொன்னது?" என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பினார். அடுத்த முறை அவர் வந்தபோது முழு மீனொன்றை முன்னால் போட்டு, பக்கச் செட்டைக்கு அடியில் நகத்தால் கிள்ளிச் செதில் எடுத்துக் காட்டினார். அவருக்கு மகிழ்ச்சிதான், ஆனாலும் குருவைக் கேட்காமல் ஏலாதாம். அவரே இரண்டு செதிலைச் சோற்றுப் பருக்கையால் தாளில் ஒட்டி, அம்மா சொன்னதை அம்மாவின் பெயரோடு எழுதி, பம்பாயிலிருந்த யூத குருவுக்கு அனுப்பினார். "ஒரு கறிக்குக் கடிதமோ" என்று தெருவே சிரித்தது. எழுத்தறியாத அம்மா மட்டும் தபால்காரனின் வழியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பதில் வர இரண்டு மாதமாயிற்று. அந்த மீன் ஆகும், புதுச் சட்டியும் ஆகும், யூதர் கை படாத சமையல் ஆகாதென்பதால் அடுப்பை மட்டும் நேவிக்காரரே மூட்டவேண்டும் என்று குரு எழுதியிருந்தார். அப்படியே வெள்ளைச் சீருடையோடு எங்கள் குசினியில் குந்தியிருந்து, கண் சிவக்கச் சிவக்கத் தென்னம்பாளையை ஊதினார்.

"இன்னும் குனிஞ்சு ஊதுங்கோ தம்பி," என்றார் அம்மா. அதுவரை அவரைத் "துரை" என்றே சொல்லிவந்தவர். அன்று தம்பி மூன்று தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

அந்தக் கடிதம் இன்று இல்லை, விறகடுப்பும் போய்விட்டது, சந்தையிலேயே மீனைத் தோலுரித்துத் தந்துவிடுகிறார்கள். நான் மட்டும் சூரை வாங்கும்போது செட்டையடித் தோலைச் செதிலோடு விட்டுவிடச் சொல்கிறேன். சாப்பிட யார் வருவாரென்று நமக்குத் தெரியாதே.