சீப்பு வாரிய சரிவு

அவளுக்குச் சீப்பு என்ற பட்டப்பெயர் வந்ததற்குத் தலைமுடி காரணம் இல்லை. அவள் தலை எப்போதும் காக்கை கூடு கட்ட இடம் பார்க்கிற நிலையில்தான் இருக்கும். அவளுடைய நிலம்தான் வாரிவிட்டது போல இருக்கும். மலைச்சரிவின் உச்சியிலிருந்து அடிவரை நாற்பத்திரண்டு உழவுச் சால்கள், நூல் பிடித்த மாதிரி நேர்கீழாக.

அப்படி நேர்கீழாக உழ வைத்தது உருளைக்கிழங்கு போடுகிறவர்களின் பயம். சரிவுக்குக் குறுக்கே சால் இழுத்தால் தண்ணீர் தேங்கிக் கிழங்கு அழுகிவிடும். விவசாய ஆபீசர் மூச்சு வாங்க ஏறி வந்து, குறுக்கே உழச் சொன்னார்.

“அழுகின கிழங்க மோந்து பாத்திருக்கீங்களா சார்? ஒரு தடவ மோந்தா ஒரு வாரத்துக்குச் சோறு எறங்காது.”

“சரிம்மா. நடுவுல இருக்கிற அந்தப் புல்லு வரப்பையாவது விட்டு வைங்க. மண்ண அதுதான் புடிச்சு வெச்சிருக்கு.”

அந்தப் புல்லில் எலிகள் வாடகை இல்லாமல் குடியிருந்தன. கிழங்கையும் தின்றன. சீப்பு அதை வேரோடு கொத்திப் போட்டு, சால்களை ஒரே இழுப்பாகச் சேர்த்துவிட்டாள்.

அவள் கல்யாணமாகி வந்தபோது மேற்புறத்தில் முழங்கால் ஆழம் மண் இருந்தது. இந்த வருஷம் ஒரு சாண். அதற்குக் கீழே பாறை. அதை அவள் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. வீட்டிலிருந்த விதைக்கிழங்கு முழுவதும் அந்த ஒரு சாணுக்குள் போய்விட்டது. அது போனால் அடுத்த வருஷம் விதைக்கக் கிழங்கும் இல்லை, நிலமும் இல்லை.

கிழங்கு நாலு இலை விட்டிருந்தபோது, ஒரு மத்தியானம் மழை இறங்கியது. கொஞ்ச நேரத்தில் நாற்பத்திரண்டு சாலும் நாற்பத்திரண்டு வாய்க்கால்களாகிவிட்டன. தண்ணீர் டீ நிறத்தில் ஓடியது. சீப்பு மண்வெட்டியால் ஒரு சாலை அடைத்தாள். அது ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு உடைந்து, முன்னைவிட வேகமாகப் பாய்ந்து, பக்கத்துச் சாலையும் இழுத்துக்கொண்டு போனது.

“ஏங்க, உக்காருங்க!” என்று பின்னாலேயே ஓடி வந்த வீட்டுக்காரரிடம் கத்தினாள்.

“எங்கடி?”

“அந்தச் சால்லதான். வேற எங்க, நாற்காலியா போட்டிருக்கேன்?”

அவர் உட்கார்ந்தார். அவள் அடுத்ததில் உட்கார்ந்தாள். மீதி நாற்பது. தண்ணீர் இருவரையும் மரியாதையாகச் சுற்றிக்கொண்டு போனது. இலையோடு ஒரு கிழங்கு அவள் தொடையில் இடித்து நின்றது. அதைச் சேலைக்குள் சொருகிக்கொண்டாள். அடுத்தது வந்தது. பிறகு பிடிக்க முடியாத அளவுக்கு வந்தன.

“ஒல்லியாப் போயிட்டேன்டி, அடைக்க மாட்டேங்குது” என்றார் அவர். அவள் சிரிக்கப் பார்த்தாள், வாய் கோணிக்கொண்டது. அவர் கையை நீட்டி அவள் முகத்திலிருந்த சேற்றைத் துடைத்தார். கையிலும் சேறுதான்.

மழை நின்றதும் கொழுந்தன் கீழேயிருந்து வந்தான். அடிவாரத்து நிலம் அவனுடையது. அவனுடைய பீன்ஸ் கன்றுகள் இடுப்பளவு சேற்றுக்குள் இருந்தன. சண்டைக்குத்தான் வந்திருந்தான். அவள் மடியில் கிழங்குகளைக் கட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது.

“உங்க மண்ணுல பாதி ஆத்துக்குப் போயிடுச்சு அண்ணி. மீதி என் பீன்ஸ் மேல கெடக்கு. எடுத்துக்குங்க. நானும் தூக்கறேன்.”

மூன்று பேரும் பாண்டுச் சட்டியில் சேற்றை அள்ளி, வழுக்கி வழுக்கி உச்சிக்கு ஏறினார்கள். அங்கே பாறை கழுவி வைத்த தட்டு மாதிரி இருந்தது. சீப்பு முதல் சட்டியைக் கவிழ்த்தாள். சேறு அதன் மேல் நிற்காமல், வழிந்து, அவள் கால் விரல்களைத் தாண்டிக் கீழே இறங்கியது.

“கெட்டியான மண்ணாப் பாத்து எடுப்போம் அண்ணி” என்றான் கொழுந்தன்.

“கெட்டியான மண்ணு இருந்தா அது ஏன்டா அங்க வந்திருக்கப் போகுது?”

வீட்டுக்காரர் மட்டும் தன் சட்டியைத் தலையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். கொட்ட இடம் தெரியவில்லை.