நான் வெட்டியதாக நினைத்த ஒரு வரி

எங்கள் கமக்காரர் அமைப்பின் சிறுபோக விதைப்புக் கூட்டத்துக்கு அறிவித்தல் பேசிப் பதிவு செய்தேன். எழுதித் தந்தவர் தலைவர். தன் பெயருக்கு முன்னால் மூன்று இடத்தில் "பெருமதிப்புக்குரிய" என்று தானே போட்டிருந்தார். மூன்றாவதை வாசித்தபோது, "மூளையில்லாத மனுசன்" என்று முணுமுணுத்துவிட்டேன்.

திரும்ப முதலிலிருந்து பேசப் பஞ்சிப்பட்டு, ஒலி வெட்டும் இணையத்தளம் ஒன்றில் அந்த முணுமுணுப்பைக் குறித்து வெட்டினேன். கேட்டுப் பார்க்காமலே, ஊர் சுற்றி அறிவிக்கும் ஒலிபெருக்கி ஆட்டோக்காரரிடம் கொடுத்தேன்.

புறப்படுமுன் அவர் மெதுவாகப் போட்டுப் பார்த்தார். "அண்ணை, இதையோ ஊரெல்லாம் போடச் சொல்லுறியள்?"

குறித்ததை வைத்துக்கொண்டு மிச்சத்தை அழித்திருந்தது அந்தத் தளம்! வாய்க்கால் கடைசியிலுள்ள என் வயலுக்குத் தண்ணீர் முறை போடுபவரே தலைவர்தான்.

இப்போது முழுவதும் கேட்ட பிறகே கொடுக்கிறேன். தலைவரைப் பற்றிய என் கருத்தில் மட்டும் ஒரு சொல்லையும் வெட்டவில்லை.