சூரிய ஆபீஸ் வாசலில் பொங்கல்

கொடைக்கானலில் சூரியனைப் படம் பிடிக்கும் ஆபீஸ் ஒன்று இருந்தது. அதன் வளாகத்துக்குள்ளேயே எங்கள் வீடு. பெரிய கண்ணாடி ஒன்றைத் துடைத்து வெயிலுக்கு நேரே திருப்பிவைப்பது அப்பாவின் வேலை. அந்தக் கண்ணாடி வெயிலை வாங்கி இருட்டறைக்குள் அனுப்பும். உள்ளே அப்படி என்னதான் பார்க்கிறார்கள் என்பது எனக்குத் தீராத கேள்வி. அப்பாவைக் கேட்டால், சூரியனைத்தான் என்பார். அதுதான் வாசலிலேயே தெரிகிறதே.

காலையில்தான் படம் தெளிவாக விழும் என்பதால் அந்நேரம் பக்கத்தில் யாரும் விறகு எரிக்கக் கூடாது. நாங்கள் மண்ணெண்ணெய் அடுப்பில் சமைத்துக்கொண்டு சமர்த்தாகவே இருந்தோம், பொங்கல் வரும்வரை. வருஷம் முழுக்கச் சூரியனையே பார்த்துக்கொண்டிருப்பவர்கள், பொங்கலன்று அவருக்கு அடுப்பு மூட்டாதே என்றால் அம்மா கேட்பாளா? அண்ணன் காய்ச்சலில் போனதால் முந்தின வருஷம் எங்கள் வீட்டில் பொங்கல் இல்லை. இந்த வருஷமும் பானை ஏறாவிட்டால் வீடு விளங்காது என்று அவள் பயந்தாள். பத்து மணிக்கு மேல் வைத்துக்கொள்ளலாமே என்று அப்பா இழுத்தார்.

"அவரு எந்திரிச்சு வரும்போது கும்பிடாம, உச்சிக்குப் போனபெறகு கூப்பிட்டா திரும்பிப் பாப்பாராக்கும்?" என்றாள் அம்மா.

வெள்ளனே எழுந்து, உறைபனி படிந்த புல்லைச் செதுக்கி மூன்று கல் வைத்தாள். விறகு ஈரம். சூரியன் தலைகாட்டவும் புகை நேரே கண்ணாடிப் பக்கம் போகவும் சரியாக இருந்தது. மப்ளரும் தலையுமாக அதிகாரி இறங்கி வந்தார். அப்பாவுக்கு வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

அவர் கத்தவில்லை. "சூரியன் ஓரத்துல தீ ஒண்ணு பெருசாப் பீச்சியடிக்குதும்மா. நாளைக்கு அது பின்பக்கம் போயிரும். இன்னைக்கு விட்டா விட்டதுதான்."

அம்மா பானையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "போன வருசம் நாங்க பொங்கல் வைக்கலைங்க. மகன் போயிட்டான்."

அதிகாரி மப்ளரை அவிழ்த்தார், மறுபடி கட்டிக்கொண்டார். "பொங்கட்டும்மா" என்று அங்கேயே நின்றார். பால் பொங்கி வழிந்தபோது எங்களோடு சேர்ந்து அவரும் குரல் கொடுத்தார். அரிசியைப் போடக்கூட இல்லை, அம்மா விறகை இழுத்து மண்ணைத் தள்ளி அடுப்பை அமர்த்தினாள். "வெரசாப் போய் எடுங்கய்யா" என்றாள். மீதிப் பொங்கல் வீட்டுக்குள் மண்ணெண்ணெய் அடுப்பில் வெந்தது.

சற்று நேரத்தில் அதிகாரி எங்களை இருட்டறைக்குக் கூப்பிட்டனுப்பினார். ஸ்டூலில் ஏறி ஒரு குழாய் வழியே பார்த்தேன். சூரியன் செக்கச்செவேலென்று கிடந்தது. அதன் விளிம்பிலிருந்து ஒரு தீக்கொழுந்து ஒல்லியாக, உயரமாகக் கிளம்பியிருந்தது. வாசலில் தெரிகிற சூரியன் இல்லை இது. இறங்க மனமில்லாமல் இறங்கினேன். அம்மா குனிந்து நெடுநேரம் பார்த்தாள்.

"கெளம்பிப் போறது திரும்பி வருமாங்க?"

"முக்காவாசி அங்கயே திரும்பி விழுந்துரும்மா" என்றார் அதிகாரி. "சிலது போனா போனதுதான்."

அம்மா குழாயிலிருந்து முகத்தை எடுக்காமலே அழுதாள். சூரியனுக்கு இப்படி ஆகிறதே என்று இரக்கப்பட்டு அழுகிறாள் என்று நினைத்தேன். பள்ளிக்கூடம் திறந்ததும் எல்லோரிடமும் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.