திருடனுக்கும் மசியாத கார்

போன வாரம் எங்கள் பழைய காரை யாரோ திருடப் பார்த்தார்கள். ஸ்டியரிங் பூட்டை உடைத்து, வயர்களைப் பிய்த்துப் போட்டவர்கள், காரைக் கிளப்ப முடியாமல் விட்டுப் போய்விட்டார்கள்.

அது என் மனைவியின் கார். குரும்பகரம் பள்ளியில் டீச்சர்; தினமும் அதில்தான் போவாள். நான் பைக்கில் போகிறவன்.

ஒரு வாரமாக பஸ்ஸில் நின்றுகொண்டே போனவள் என்னைத்தான் திட்டினாள். "சும்மா சும்மா வித்துடலாம்னு சொன்னீங்கல்ல? உங்க கண்ணுதான் பட்டுடுச்சு."

இன்று மெக்கானிக் ஸ்டியரிங் தண்டைப் பூட்டோடு மொத்தமாக மாற்றிவிட்டு, புதுச் சாவியைத் திருகினார். கார் இருமிவிட்டு அணைந்தது.

நான் திருகினேன். எனக்கும் அதே மரியாதைதான்.

"நவுருங்க," என்று மனைவி ஏறி உட்கார்ந்தாள். ஆக்சிலேட்டரை இரண்டு தடவை மெதுவாக மிதித்து, கொஞ்சம் பொறுத்துச் சாவியைத் திருகினாள். கார் சமர்த்தாகக் கிளம்பியது.

மெக்கானிக் சிரித்துவிட்டார். "டீச்சர், நான் மாட்டுனது பேருக்குத்தாங்க. நெசமான பூட்டு உங்க கால்லதான் இருக்கு. வெளியில யாருகிட்டயும் சொல்லிடாதீங்க."

"இவங்ககிட்டயே சொன்னதில்லைங்க," என்றாள் என்னைக் காட்டி.

திருடனையும் என்னையும் அவள் ஒரே இடத்தில்தான் வைத்திருக்கிறாள் என்று இன்றுதான் தெரிந்தது. உங்கள் வீட்டு வண்டி உங்கள் பேச்சைக் கேட்கிறதா?