பூதக்கண்ணாடியின் தேரைகள்

சட்டை தைக்கும் தொழிற்சாலையில் அவளைப் பூதக்கண்ணாடி என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே சொல்ல யாருக்கும் தைரியம் வந்ததில்லை. ஆனாலும் அவளுக்கு அது தெரியும், உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் உண்டு. தைத்து முடித்த சட்டைகள் பெட்டிக்குள் போவதற்கு முன் கடைசியாக வந்து விழுவது அவளுடைய செக்கிங் மேஜையில். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். காலர் மடிப்புக்குள் ஒளிந்திருக்கும் நூல் பிசிறு, கொஞ்சமே கொஞ்சம் இறங்கித் தைத்த பொத்தான், பாக்கெட் மூலையில் நழுவிப்போன தையல், எதுவும் அவளிடமிருந்து தப்பாது. குறை இருந்தால் சட்டை வந்த வழியே திரும்பிப் போகும், கூடவே ஒரு வசவும் போகும்.

கல்யாணப் பேச்சோடு வந்தவர்களையும் அவள் அதே கண்ணால்தான் பார்த்தாள். ஒருத்தர் பேச்சில் பிசிறு, ஒருத்தர் சிரிப்பில் நழுவல், யாரையும் பாஸ் பண்ணவில்லை. அதற்காக மூலையில் உட்கார்ந்து அழுதாள் என்று யாரும் பரிதாபப்பட வேண்டாம். சொந்தச் சம்பளம், சொந்தச் சாப்பாடு, சொந்தச் சண்டை என்று நன்றாகவே இருந்தாள். அவள் செக்கிங் செய்யாமலே பாஸ் போட்ட ஒரே சரக்கு அவள் தம்பி. அவனைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பினாள்.

அப்பா அம்மா விட்டுப்போன வீட்டை நடுவில் சுவர் எழுப்பி இரண்டாக்கியிருந்தார்கள். ஒரு பாதியில் அவள், மறு பாதியில் தம்பியும் தம்பி பெண்டாட்டியும். பின்பக்கத்துத் தோட்டம் மட்டும் பொது. இரண்டு அடுப்படிக் கதவுகளும் அதில்தான் திறக்கும். தோட்டம் என்றால் பெரிதாக நினைத்துவிடக் கூடாது. நாலு தக்காளிச் செடி, கொஞ்சம் புதினா, பூக்க மாட்டேன் என்று அடம் பிடிக்கும் ஒரு ரோஜா. நடுவில், விரிசல் விட்ட பழைய குளியல் தொட்டி ஒன்றை விளிம்பு வரை மண்ணில் புதைத்து, விரிசலைத் தாரால் அடைத்துத் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தாள்.

தேரைகள் தாமாகவே வந்தன. கூடவே ஒல்லியாக இரண்டு தவளைகளும் வந்து சேர்ந்தன. வரும் முன் தக்காளி நாற்றை எல்லாம் நத்தைகள் மொட்டையடித்துக்கொண்டிருந்தன. வந்த பின் செடிகள் தழைத்தன, கொசுவும் குறைந்தது. குழாயடியில் கவிழ்ந்து கிடந்த உடைந்த பூந்தொட்டிக்குள் ஒரு பெரிய தேரை குடியேறியது. நாளெல்லாம் அரைக்கண் மூடி, ஒரு வேலையும் செய்யாமல், போகிற வருகிறவர்களை முறைத்துக்கொண்டே இருக்கும். அவள் அதற்கு மேனேஜர் என்று பேர் வைத்தாள். தொழிற்சாலையில் இருக்கும் மேனேஜருக்கு இது தெரிந்திருந்தால் வேலை போயிருக்கும்.

வேலை முடிந்து வந்ததும் பின்வாசல் படியில் காலை நீட்டி உட்காருவாள். விளக்கைப் போட்டதும் பூச்சி வரும், பூச்சிக்குப் பின்னால் தேரைகள் வரும். அவள் காலடியிலேயே உட்கார்ந்து சாப்பிடும். பொழுது முழுக்க அடுத்தவன் தையலில் குறை தேடிய கண்ணுக்கு, எதையும் தேட வேண்டாத இடம் அது ஒன்றுதான்.

தம்பிக்கும் அந்தச் சத்தம் பிடிக்கும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். ஒரு மழைக்காலத்தில் அவன் வேலைக்காகத் தொலைவில் ஒரு நகரத்தில் தங்கியிருந்தான். இங்கே தேரைச் சத்தம் இல்லாமல் தூக்கமே வரவில்லை என்று போனில் புலம்பினான். அவ்வளவுதான், அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. அன்று சாயங்காலமே அடுப்படிக் கதவோரம் போனைப் பிடித்துக்கொண்டு நின்று, தேரைகள் கத்துவதைப் பதிவு செய்து அவனுக்கு அனுப்பினாள். நடுவில் அவளுடைய குக்கர் வேறு விசில் அடித்துவிட்டது. அந்தக் குக்கர் மற்ற குக்கர் மாதிரி ஒழுங்காக விசில் அடிக்காது. முதலில் இரண்டு தடவை இருமும், பிறகுதான் கத்தும். பரவாயில்லை, அதுவும் வீட்டுச் சத்தம்தானே என்று அப்படியே அனுப்பிவிட்டாள்.

ஊர் திரும்பிய தம்பி, கடைகளுக்குச் சரக்கு கொண்டுபோய்ப் போடும் வேன் ஒன்று வாங்கினான். தெருவோ குறுகல். நிறுத்திய வேனைச் சுற்றி அக்கம்பக்கத்தாருடன் நித்தம் ஒரு தகராறு. பின்பக்கத்தைச் சிமென்ட் போட்டு மட்டமாக்கினால் பின் சந்து வழியாக வேனை அங்கே விடலாம் என்று அக்காவிடம் கேட்டான். அவள் முடியாது என்றாள். சரிக்கா, விடு என்றான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே அவன் எடுக்கவில்லை. என் தம்பி ஒரு தடவை சொன்னால் புரிந்துகொள்வான் என்று தொழிற்சாலை முழுக்கச் சொல்லிப் பீற்றிக்கொண்டாள்.

பிறகு ஒரு நாள், சட்டையைத் தூக்கிப் பிடித்துப் பார்க்கும்போது, வலது கண்ணில் கறுப்புத் திரை ஒன்று மெல்ல இறங்கியது. விழித்திரை பிய்ந்துகொண்டு வந்துவிட்டது என்றார் டாக்டர். வேறு ஊரில் பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை செய்தார்கள். கண்ணுக்குள் காற்று அடைத்திருக்கிறோம், குப்புறப் படுத்தே கிடக்க வேண்டும், நாங்கள் சொல்லும் வரை பயணம் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அந்த ஊரில் அவளோடு முன்பு வேலை பார்த்த தோழி ஒருத்தி இருந்தாள். அவள் வீட்டில் போய்த் தலையணையில் முகம் புதைத்துக் கிடந்தாள்.

கிளம்பும்போது பின்கதவை உள்ளே தாழிட்டு, தன் பாதி வீட்டைப் பூட்டி, சாவியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். தம்பியிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். தொட்டியில் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, நான் இருக்கும்போது உனக்கென்ன கவலை என்றான்.

சாயங்காலம் ஆனால் தம்பி போன் செய்வான். நாற்றுக்குத் தண்ணீர் ஊற்றியாயிற்று, தொட்டி ததும்புகிறது, மேனேஜர் சௌக்கியம் என்பான். ஒரு நாள், இங்கே நல்ல தூறல், எல்லாம் கச்சேரி வைக்கிறது, கேள் என்று போனைப் பிடித்தான். அவள் தலையணைக்குள்ளிருந்து கேட்டாள். மேனேஜர் குரல் தனியாகத் தெரிந்தது. நடுவில் குக்கர் இரண்டு தடவை இருமிவிட்டுக் கத்தியது.

பக்கத்தில் இருந்த தோழிக்கும் அது கேட்டது, அந்த இருமல் அவளுக்கும் பழக்கம்தான். யாரோ உன் அடுப்படியில் சமைக்கிறார்கள் போல என்றாள். தம்பியிடம் கேட்டதற்கு, எங்கள் அடுப்பில் கேஸ் தீர்ந்துவிட்டது, அதனால் இவள் உன் அடுப்பில் கிழங்கு வேகவைக்கிறாள் என்று சட்டென்று சொன்னான். பூட்டிக் கிடக்கிற அடுப்படியில் அடுப்பு எரிகிறதே என்று அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. நாலு பேர் தவறவிட்டதைக் கண்டுபிடிக்கிறவள். அவளுடைய கைப்பை அப்போது அந்தத் தலையணைக்குப் பக்கத்திலேயேதான் இருந்தது.

அதற்குப் பிறகு அந்தத் தேரைச் சத்தத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். கேட்க வேண்டும் என்று அவளே அடம் பிடித்தாள், அவனும் அலுக்காமல் கேட்கவைத்தான். இப்படி ஒரு தம்பி யாருக்குக் கிடைப்பான் என்று தோழியும் கண் கலங்கினாள்.

டாக்டர் போகலாம் என்று சொன்னதும், தம்பியைத் திகைக்கவைக்க நினைத்து, சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறி வந்தாள். வாசலில் நின்று சாவியை எடுத்துப் பூட்டில் நுழைத்தவள், திருப்பாமல் அப்படியே நின்றாள். இந்தப் பூட்டுக்கு இன்னொரு சாவி கிடையாது. அப்புறம் எப்படிக் கிழங்கு வெந்தது?

உள்ளே போனாள். குக்கர் அவள் கவிழ்த்து வைத்துவிட்டுப் போன இடத்திலேயே கவிழ்ந்திருந்தது. அதற்கும் சுவருக்கும் நடுவே சிலந்தி வலை கட்டியிருந்தது. பின்கதவைத் திறந்தாள்.

சுவரிலிருந்து சுவர் வரை சிமென்ட். நடுவில் வேன். தொட்டி இல்லை, பூந்தொட்டி இல்லை, ரோஜா இல்லை. ஒரு கண்ணில்தான் பார்வை தெளிவாக இருந்தது, இதைப் பார்க்க அதுவே போதும். சிமென்ட் புதிதல்ல. வேனுக்கு அடியில் எண்ணெய்க் கறை ஊறிக் காய்ந்திருந்தது, குழாயடியில் பாசி பிடித்திருந்தது. அவள் பஸ் ஏறிய கையோடு இவர்கள் வேலையை ஆரம்பித்திருக்கிறார்கள். அவன் போனைப் பிடித்தபோதெல்லாம் இங்கே கத்துவதற்கு ஒன்றுமே இருந்திருக்காது.

சத்தம் கேட்டுத் தம்பி ஓடி வந்தான். அக்காவைப் பார்த்ததும் முகம் செத்துப்போயிற்று. அவள் தன் போனை எடுத்து, பழைய பதிவைத் தேடிப் போட்டாள். தேரைகள் கத்தின. குக்கர் இருமியது, இருமியது, கத்தியது. தம்பி பெண்டாட்டி தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டாள்.

"டென்ஷன் ஆனா கண்ணு போயிடும்னு டாக்டர் சொன்னாருக்கா. உன் நல்லதுக்குத்தான்…" என்று இழுத்தான்.

"மேனேஜர் எங்கடா?"

"ஆளுங்க வந்து ஜல்லியக் கொட்டுனாங்க. நான் அப்ப வீட்ல இல்லக்கா."

"சிமென்ட் போட்டே. அத விடு. உனக்குத் தூக்கம் வரலேன்னு ஆசையா அனுப்பிச்சேனே, அத எடுத்தா என் காதுல பூ சுத்துவே?"

அவள் கதவைச் சாத்திக்கொண்டு அடுப்படித் தரையில் உட்கார்ந்து அழுதாள். தேரைகள் மண்ணுக்குள் பதுங்கும் குணம் உடையவை. அந்தச் சிமென்டுக்கு அடியில் எது எது பதுங்கியபடியே கிடக்கிறதோ என்று நினைக்க நினைக்க நெஞ்சு பதறியது. அதைவிட, தான் குப்புறப் படுத்துக்கொண்டு அந்தப் பொய்யை இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று கெஞ்சிக் கேட்டதுதான் தாங்க முடியாத அவமானமாக இருந்தது.

அதன் பிறகு அவள் தொழிற்சாலைக்குப் போனாள். ஒரு கண்ணாலேயே இரண்டு கண் வேலையைச் செய்தாள். தம்பியோடு பேச்சு நின்றுபோயிற்று. தெருவில் எதிரே வந்தால் அவன்தான் ஒதுங்குவான். பின்கதவை அவள் திறப்பதே இல்லை.

மழைக்காலம் வந்தது. முதல் மழை கொட்டிய ஒரு சாயங்காலம், அவள் சட்டையை மடித்துக்கொண்டிருந்தபோது, பின்பக்கத்திலிருந்து அந்தச் சத்தம் வந்தது. ஒரே ஒரு குரல். விட்டு விட்டுக் கத்தியது. அவள் கை நின்றது.

வாசல் கதவு தட்டப்பட்டது. திறந்தாள். தம்பி தொப்பலாக நனைந்து நின்றான். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் முகத்தை நேராகப் பார்த்தான்.

"அக்கா, வந்து பாரேன். வேன் டயர் ஓரமா உக்காந்து கத்துது. நம்ம மேனேஜர் மாதிரியே இருக்குக்கா."

"அணைச்சிட்டுப் போடா."

"போன் உள்ள சார்ஜ்ல கெடக்கு. நெஜமாக்கா." வெறும் கைகளை விரித்துக் காட்டினான்.

அன்று அவன் சொன்னது உண்மை. எங்கிருந்தோ ஒரு தேரை தப்பிப் பிழைத்து, சிமென்ட் மேல் தேங்கின மழைத் தண்ணீரில் வந்து உட்கார்ந்து, தொண்டை வீங்கக் கத்திக்கொண்டிருந்தது. பின்கதவைத் திறந்தால் கையெட்டும் தூரம்.

அவள் தம்பியின் முகத்தைப் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்துக் காது கொடுத்துக் கேட்டாள். அந்தப் பதிவு அவளுக்கு மனப்பாடம். இந்த இடத்தில் குக்கர் இரும வேண்டும். காத்திருந்தாள். இருமவில்லை. குரல் மட்டும் தொடர்ந்து வந்துகொண்டிருந்தது.

இந்தத் தடவை விசிலை வெட்டி எடுத்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டு, அவள் வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.