நான் லீவு கொடுத்த எஸ்தரைத் தேடி பம்மலுக்கு

சனிக்கிழமை காலை ஒன்பது ஐம்பத்தைந்துக்குப் பெருங்களத்தூரில் சென்னை பீச் போகும் மின்சார ரயிலில் ஏறினேன். பல்லாவரத்துக்கு டிக்கெட் ஐந்து ரூபாய். தாம்பரம், சானடோரியம், குரோம்பேட்டை, அடுத்தது பல்லாவரம். மொத்தம் பத்து கிலோமீட்டர் இருந்தால் அதிகம். இதற்கு ஒரு பயணக் கட்டுரையா என்று சிரிக்காதீர்கள். பதினெட்டு வருஷமாக மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன், ஒரு பிள்ளையின் வீட்டு வாசலை மிதித்ததில்லை. அந்தக் கணக்கில் எனக்கு இது வெளியூர்ப் பயணம்தான்.

போன காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். செவ்வாய்க்கிழமை எங்கள் பள்ளிக்கு அதிகாரிகள் வந்தார்கள், பிள்ளைகளுக்கு வாசிக்க வருகிறதா என்று பார்க்க. திங்கள் மாலை என் வகுப்பில் வாசிக்கத் திணறும் ஐந்து பேரைத் தனியாகக் கூப்பிட்டு, "நாளைக்கு உங்களுக்கு லீவு, வீட்டுலயே இருங்க" என்றேன். இதைப் படிக்கும் ஆசிரியைகளில் பலருக்கு இந்த லீவு தெரியும். தெரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள வேண்டாம்.

செவ்வாய்க்கிழமை வகுப்பு ஜோராக வாசித்தது. "நல்லா ட்ரெயின் பண்ணியிருக்கீங்க மேடம்" என்றார் வந்தவர். நானும் வெட்கமில்லாமல் சிரித்தேன். புதன்கிழமை நாலு பேர் வந்துவிட்டார்கள். எஸ்தர் வரவில்லை, வியாழனும் வரவில்லை. வெள்ளிக்கிழமை அவள் அம்மாவுக்கு போன் செய்தேன். எங்கள் பக்கத்து அடுக்குமாடி ஒன்றில் துப்புரவு வேலை பார்க்கிறவர்.

"நீங்கதான வர வேணாம்னீங்க மேடம்? பம்மல்ல எங்க அக்கா வூட்ல வுட்டுட்டேன். திங்கக்கெழம அங்கயே ஒரு ஸ்கூல்ல சேத்துடறோம்."

ஆக, எனக்கு இருந்தது இரண்டு நாள். வண்டியில் வரும்போதே ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டேன். ஒரு நாள் லீவு என்றுதான் சொன்னேன், குழந்தை தப்பாகப் புரிந்துகொண்டாள், அவ்வளவுதான். குரோம்பேட்டை தாண்டும்போது அந்தப் பொய்யை நானே முக்கால்வாசி நம்பிவிட்டேன்.

10.15. பல்லாவரத்தில் இறங்கி, அனகாபுத்தூர் போகிற ஷேர் ஆட்டோவில் ஏறினேன். பம்மலுக்கு இருபது ரூபாய். அவள் அம்மா சொல்லி எழுதிக்கொண்ட விலாசத்தை நான் மூன்றாவது முறை விரித்துப் பார்ப்பதை டிரைவர் கண்ணாடியில் கவனித்துவிட்டார்.

"இன்னா மேடம், சொந்தக்காரங்க வூடா?"

"இல்லண்ணா. என் ஸ்டூடண்ட் வீடு. நாலு நாளா ஸ்கூலுக்கு வரல."

"அடடா! புள்ள வர்லன்னு வூடு தேடிகினு வர்றீங்களா? சூப்பர் மேடம். எங்க டீச்சருங்க இப்டி வந்திருந்தா நான் பத்தாவது முடிச்சிருப்பேன்."

பக்கத்தில் இருந்த அம்மாள் வேறு, "நல்லா இருக்கணும் நீங்க" என்றார். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. இறங்கி, காசைக் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் தெருவுக்குள் நடந்தேன்.

10.40. எஸ்தரின் பெரியம்மா ஸ்டெல்லா வீட்டிலேயே தோல் பர்ஸ் தைக்கிறார். முன்னறையில் தையல் மிஷின், சுவரோரம் பர்ஸுக்குள் வைக்கும் அட்டைகளின் அடுக்கு. எஸ்தர் தரையில் உட்கார்ந்து அட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, வகுப்பில் நிற்பது போலவே, "குட் மார்னிங் மிஸ்" என்றாள்.

நான் பொய்யைத் தொடங்குமுன் ஸ்டெல்லா தொடங்கிவிட்டார். "வந்ததுலருந்து அழுவல டீச்சர், அதான் பேஜாரா கீது. அழுதா சமாதானம் பண்லாம். 'எனக்குப் படிப்பு வராது பெரிம்மா, அதான் மிஸ் வேணாம்ட்டாங்க'ன்னு சும்மா சொல்லுது. ஊர் பேர் சொல்ற மாதிரி சொல்லுது."

அதற்கப்புறம் அந்தப் பொய்யை எந்த வாயால் சொல்வது?

"அவ தப்பா புரிஞ்சிக்கலம்மா. அவளுக்கு வாசிக்க வராதது ஆபீசருக்குத் தெரியக்கூடாதுன்னு நான்தான் வராதேன்னு சொன்னேன்."

ஸ்டெல்லா மிஷினிலிருந்து காலை எடுத்தார். "அதுக்கு வராதது தெரிஞ்சிடும்னா, இல்ல, நீங்க சொல்லிக் குடுக்காதது தெரிஞ்சிடும்னா?"

"ரெண்டாவதுதான்" என்றேன். அவர் டீ போட எழுந்து போனார்.

எஸ்தர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். ஓர் அட்டையை எடுத்து, "இங்க என்ன பண்றே, சொல்லு, நான் எழுதறேன்" என்றேன். யோசித்துவிட்டு, "பெரிம்மா வூட்ல பூனை கீது" என்றாள். வகுப்பாக இருந்தால் 'வீட்டில்', 'இருக்கிறது' என்று திருத்தியிருப்பேன். அன்று அவள் சொன்னதை அப்படியே பெரிதாக எழுதினேன். ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துப் படித்தாள். சொற்களை வெட்டிக் கலைத்துப் போட்டேன், சேர்த்து வைத்தாள். அடுத்து, "அது என் மேல படுத்துக்கும்." அதையும் படித்தாள். 'பூனை' எது என்று தனியாகக் கேட்டதற்குச் சரியாக எடுத்துக் கொடுத்தாள். பத்து நிமிஷம், இரண்டு அட்டை, ஒரு கத்தரிக்கோல். ஜூனிலிருந்து நான் பாடப்புத்தகத்தையே நீட்டி, "எழுத்துக் கூட்டு, எழுத்துக் கூட்டு" என்று உயிரை வாங்கியிருக்கிறேன். அடிப்பாவி என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

தோழிகளே, திங்கட்கிழமை உங்கள் வகுப்பிலும் இதைச் செய்து பாருங்கள். ஒரு நாளைக்கு ஒரு பிள்ளை, அதன் வாயில் வந்த ஒரே வாக்கியம் போதும். மற்றவர்கள் படம் வரையட்டும். திருத்தம் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நாம் ஒன்றும் ராட்சசிகள் இல்லை, பயந்தவர்கள். ஆனால் நம் பயத்தைத் தூக்கி ஒன்பது வயதுப் பிள்ளையின் தலையில் வைத்துவிடுகிறோம்.

11.50. எஸ்தர் படிப்பதைப் பார்த்துவிட்ட ஸ்டெல்லா தங்கைக்கு போன் போட்டு, "நாளைக்கு வந்து கூட்டிகினு போ, பழைய ஸ்கூலுக்கே போவட்டும்" என்றார். எனக்கு உயிர் வந்தது. எஸ்தரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவளுக்கு அது கூச்சமாக இருந்தது போல, நெளிந்தாள்.

இருவரும் தெருமுனை வரை கூட வந்தார்கள். ஷேர் ஆட்டோவுக்குக் கை காட்டும்போது எஸ்தர் என் புடவையைத் தொட்டாள்.

"மிஸ், ஆபீசர் மறுபடி எப்போ வருவாங்க?"

"ஏண்டா?"

"அன்னிக்கு நானே வூட்ல இருந்துக்கறேன் மிஸ். நீங்க சொல்லவே வேணாம்."

கோபமில்லை, குத்தலில்லை. எனக்கு உதவி செய்கிற குரல் அது. அங்கேயே குந்தி உட்கார்ந்து, "அன்னிக்கு நீ கண்டிப்பா வரணும். உன்னைத்தான் மொதல்ல வாசிக்கச் சொல்லுவேன்" என்றேன்.

எஸ்தர் என்னைப் பார்க்கவில்லை. நான் சொல்வது நிஜம்தானா என்று பெரியம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.