ஆறு விடைத்தாள்களும் ஒரு கொழுந்து நிரையும்

1. ஒரே வயல்

ஹாலிஎலைக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலையில் உயர்தர வகுப்புக்குத் தமிழ் படிப்பித்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான். புதிதாக ஆசிரியத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள், "டீச்சர், கட்டுரைக் கேள்விக்கு எப்படித் தயார்படுத்துறது?" என்று இன்றைக்கும் போன் எடுத்துக் கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் முதலில் சொல்வது என்னுடைய மானம் போன கதையைத்தான்.

எங்கள் உயர்தரக் கலைப் பிரிவில் அப்போது ஆறே ஆறு பேர். தவணைப் பரீட்சை விடைத்தாள்களை நாங்களே திருத்த முடியாது. பாடசாலைகள் ஒன்றுக்கொன்று மாற்றிக்கொண்டு திருத்துவதுதான் வழக்கம். அந்தத் தவணை எங்கள் தாள்கள் பதுளை டவுனில் படிப்பித்த நஸீமா டீச்சரிடம் போயின. இரண்டாம் நாளே அவரிடமிருந்து போன் வந்தது.

"டீச்சர், ஒங்கட ஆறு புள்ளைகளும் ஒரே வயலுக்குத்தான் போயிருக்காங்க."

எனக்கு விளங்கவில்லை. அவர் வாசித்துக் காட்டினார். 'இலக்கியத்தில் சொந்தம் என்ற உணர்வு' என்பது கேள்வி. கற்ற ஒரு சிறுகதையைக் கொண்டு ஆராய வேண்டும். ஆறு தாளும் ஒரே மாதிரித் தொடங்கின: 'கதிர் முற்றிய வயலும், பனைமர நிழலும், பாட்டன் வெட்டிய கிணறும் நமக்குத் தருவதே சொந்தம் என்னும் உணர்வாகும்.'

அந்த வசனம் என்னுடையது. நான் உயர்தரம் படித்த காலத்தில் என் ஆசிரியர் ஒருவர் எழுதிக் கொடுத்த நோட்ஸ். அதையே இத்தனை வருடமும் கரும்பலகையில் எழுதிப்போட்டு, மனனம் செய்யுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். தேயிலையைத் தவிர எதையும் சுற்றிலும் பார்க்காத பிள்ளைகள் பனைமர நிழலில் போய் உட்கார்ந்திருக்கிறார்கள்! பார்த்து எழுதினார்கள் என்ற சந்தேகத்தில் தாள்களைத் தனியே வைத்திருந்தார் நஸீமா டீச்சர். "அவங்க பார்த்து எழுதல்ல, நான்தான் குடுத்தேன்" என்று சொல்வதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. கட்டுரைக்கு ஆறு பேருக்கும் இருபதுக்கு நாலு. ஒருவர்கூடப் பாஸ் இல்லை.

அதிபர் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனுசன்தான், ஆனால் அன்றைக்கு முகம் கறுத்திருந்தது.

"டீச்சர், மேலயிருந்து ஏற்கனவே கேட்டுக்கிட்டு இருக்காங்க. ஆறு பேருக்கு எதுக்கு ஒரு வகுப்பு, டவுன் ஸ்கூலுக்கு அனுப்பிடுங்கன்னு. அடுத்த தவணை நாலு பேராவது பாஸ் பண்ணலன்னா என்னால ஒன்னும் பேச முடியாதுங்க."

டவுன் ஸ்கூலுக்குப் போவதென்றால் விடியுமுன் தோட்டத்து லய வீடுகளிலிருந்து இறங்கி, மெயின் ரோட்டுக்கு ஒரு மணித்தியாலம் நடந்து, பஸ் பிடிக்க வேண்டும். ஆறு பேரில் நாலு பேர் பெண் பிள்ளைகள். வகுப்பை மூடினால் அவர்கள் படிப்பு அத்தோடு சரி. இருந்ததிலேயே நன்றாகப் படிக்கும் தர்ஷினியின் அம்மா முன்கூட்டியே சொல்லிவிட்டார்: "இங்கன இருந்தா படிக்கட்டும். டவுனுக்கெல்லாம் அனுப்ப மாட்டேன்." நான் போட்ட நோட்ஸால் அந்தப் பிள்ளையின் படிப்பு நிற்கப்போகிறது.

2. "நாங்க என்னத்த எழுதுறது?"

மறுநாள் பழைய நோட்ஸைக் கிழித்துப் போட்டேன். கிழித்த வேகத்தில் பெரிய வீராங்கனை மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

"சரி, சொல்லுங்க. ஒங்களுக்குச் சொந்தமானது என்ன?"

கவின் உடனே கையைத் தூக்கினான். "போன் டீச்சர்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "வீடு?" என்று கேட்டேன்.

"லயம் கம்பனியுடையது டீச்சர்."

"வாசல்ல போட்டிருக்கிற மரக்கறித் தோட்டம்?"

"அந்த எடமும் கம்பனியுடையதுதான்."

தர்ஷினி மெதுவாகக் கேட்டாள். "சொந்தமா ஒன்னும் இல்லாதவங்க சொந்தத்தப் பத்தி என்னத்த டீச்சர் எழுதுறது?"

பதில் தெரியாததை ஒத்துக்கொள்ளாமல் கத்தினேன். அது என் குணம். "கேள்விக்குக் கேள்வி கேக்காம கதைய வாசிங்க!" என்று சொல்லிவிட்டு நானும் ஒரு கொப்பியை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன். அந்தக் கிழமை முழுக்க அப்படியே போனது.

3. நாலாம் நம்பர் மலையில் சண்டை

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு இறங்கி வந்துகொண்டிருந்தேன். தர்ஷினியும் கூட வந்தாள். தேயிலை மலையை ஒட்டித்தான் பாதை. நாலாம் நம்பர் மலை என்று சொல்லும் இடத்தில் பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று பெரிய சத்தம்.

தோட்டத்து வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிப்பார்கள். மலைக்குப் போனதும் ஒவ்வொருவருக்கும் ஒரு நிரை, அதாவது ஒரு வரிசைத் தேயிலைச் செடி. அன்றைக்கு அந்த வரிசையில் அவர்தான் கொழுந்து எடுக்க வேண்டும். நாளைக்கு அது யாருக்கோ.

தர்ஷினியின் அம்மா செல்வமலர், தலையிலிருந்து தொங்கிய கூடையோடு, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார். பக்கத்து நிரைக்காரி இவருடைய நிரையில் கைவைத்துவிட்டாளாம்.

"பெரட்டுல எனக்குன்னு குடுத்த நெரை இது! எம் நெரையில இவ எப்புடி கை நீட்டுவா?"

"ரெண்டு கொழுந்துதானே எடுத்தேன், என்னமோ குடி முழுகிப்போன மாதிரி கத்துற!"

"ரெண்டா இருந்தா என்ன, அரையா இருந்தா என்ன? கேட்டு எடு. குடுப்பேன். கேக்காம எடுத்தா வகுந்துருவேன்!"

கங்காணி இடையில் புகுந்தார். "ஏம்மா, இது என்ன ஒங்க அப்பன் வீட்டுச் சொத்தா?"

"சொத்துன்னு யாரு சொன்னா? செடி ஒங்க தொரையோடதுதான். மண்ணும் அவரோடதுதான். ஆனா இன்னைக்கு இது எம் நெரை!"

நான் ரோட்டில் நின்றபடி கை தட்டிவிட்டேன். சத்தியமாகக் கை தட்டினேன். மேலே இருந்த பெண்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். தர்ஷினி என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"டீச்சர், வாங்க போகலாம். வெக்கமா இருக்கு."

"சும்மா இரு புள்ள. ஒரு கிழமையா எனக்கு வராத பாடத்த ஒங்கம்மா நடத்துறாங்க!"

மண் இல்லை, செடி இல்லை, பத்திரம் இல்லை. ஒரு நாளைக்கு மட்டும் கையில் கிடைத்த ஒரு வரிசை. அதற்காக இவ்வளவு கோபம்! சொந்தம் என்பது உடைமையில்தான் இருக்கிறது என்று இத்தனை வருடம் படிப்பித்திருக்கிறேன். அந்தக் கோபத்தில் அல்லவா அது இருக்கிறது! இறங்குகிற அவசரத்தில் ஒரு இடத்தில் வழுக்கியும் விழுந்தேன். வலிக்கவே இல்லை.

4. கோபம் வருகிற இடம்

திங்கட்கிழமை முதல் பாடம். கரும்பலகையில் ஒரே ஒரு வரி எழுதினேன்: 'யாருக்கு, எதன் மேல் கோபம் வருகிறது?'

நாங்கள் படித்த சிறுகதை இதுதான். கலவர காலத்தில் ஊரைவிட்டு ஓடிய ஒருவர் பல வருடங்களுக்குப் பிறகு திரும்பி வருகிறார். அவருடைய வீட்டில் வேறொரு குடும்பம் இருக்கிறது. வீட்டுக்காரப் பெண் தண்ணீர் கொடுக்கிறாள். குடித்துவிட்டுச் சுற்றிப் பார்க்கிறார். மனைவி உடுப்புத் துவைத்த கல்லைப் பின்வாசலில் படியாகப் போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்துச் சத்தம் போட்டுவிட்டுப் போய்விடுகிறார். 'வீட்டை இழந்த துயரமே சொந்த உணர்வு' என்று என் பழைய நோட்ஸ் சொன்னது.

பிள்ளைகள் வாசித்தார்கள். பிறகு தர்ஷினி துள்ளி எழுந்தாள்.

"டீச்சர்! இவரு வீட்டப் பத்திக் கோவப்படவே இல்ல! வீட்டப் பத்தி ஒரு வார்த்தையும் கேக்கல!"

"ஆமா டீச்சர்," என்றான் கவின், "கதவுல புது பெயின்ட் அடிச்சிருக்குன்னு பார்க்கிறாரு, ஒன்னும் சொல்லல. கல்லப் பார்த்துத்தான் கத்துறாரு!"

"வீடு பத்திரத்துல இருக்கு. கல்லு எதுலயும் இல்ல. அதான் டீச்சர்!" என்றாள் தர்ஷினி.

ஆறு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். உட்கார்ந்திருந்த வாங்கு நகர்ந்தது, புத்தகம் விழுந்தது. பக்கத்து வகுப்புக் கணக்கு சேர் தலையை நீட்டி, "என்ன டீச்சர், அடிபுடியா?" என்று கேட்டார். "இலக்கியம் சேர்!" என்றேன். எனக்கு இருந்த சந்தோசத்தில் அவரையும் பிடித்து உட்கார வைத்திருப்பேன்.

இங்கே ஒரு எச்சரிக்கை. அடுத்த நாள் பயிற்சிக் கட்டுரையில் தர்ஷினி இரண்டரைப் பக்கத்துக்குத் தன் அம்மாவின் நிரையைப் பற்றி எழுதிக்கொண்டு வந்தாள். அருமையான எழுத்து. இருபதுக்கு ஆறு போட்டேன். அவள் முகம் சுருங்கிவிட்டது.

"நீங்கதானே டீச்சர் அதுல பாடம் இருக்குன்னு சொன்னீங்க?"

"இருக்கு. அது நீ கதையப் பார்க்கிறதுக்கு. திருத்துறவங்களுக்குக் கதையிலயிருந்துதான் காட்டணும். அவரு கத்துற வரி எது, அதுக்கு முந்தி எங்கெங்க கத்தாம இருந்தாரு, அத எடுத்து வையி."

கோபித்துக்கொண்டு போய்விட்டாள். மூன்றாம் நாள் கொண்டு வந்த கட்டுரையில் நிரை இல்லை. ஆனால் நிரையைப் பார்த்தவள் எழுதியது என்பது ஒவ்வொரு வரியிலும் தெரிந்தது. எழுதத் தொடங்குமுன் ஐந்து நிமிடம் குறிப்பெடுப்பது, ஒரு கருத்துக்குக் கதையிலிருந்து ஒரு சான்று, முடிவில் புதிதாக எதையும் நுழைக்காமல் இருப்பது என்று மற்றதையெல்லாம் அதற்குப் பிறகுதான் சொல்லிக் கொடுத்தேன். அவற்றை யாரும் சொல்லிக் கொடுக்கலாம்.

5. முடிவு

அடுத்த தவணையும் எங்கள் தாள்களை நஸீமா டீச்சர்தான் திருத்தினார். போன் வந்தபோது அதிபரின் அறையில் இருந்தேன்.

"அஞ்சு பேர் பாஸ் டீச்சர். கவின் மட்டும் நேரம் போதாம பாதியில விட்டிருக்கான். மத்தது, தர்ஷினின்னு ஒரு புள்ளை எழுதினத வாசிச்சிட்டு நானும் அந்தக் கதைய இன்னொருக்கா எடுத்துப் பார்த்தேன். கட்டுரைக்குப் பதினேழு போட்டிருக்கேன்."

அதிபர் நாற்காலியிலிருந்து எழுந்து, என்ன செய்வதென்று தெரியாமல் மணியை அடித்துவிட்டார். பாதிப் பாடசாலை வெளியே வந்துவிட்டது. வகுப்பு நிலைத்தது.

பெற்றார் கூட்டத்துக்குச் செல்வமலர் வேலை முடிந்து, கொழுந்துக் கறை படிந்த கையோடு வந்தார். மகளின் கட்டுரையை வாசிக்கச் சொன்னேன். தர்ஷினி எழுந்து நின்று முழுவதையும் வாசித்தாள். நான் அந்த அம்மாவின் கண் கலங்கும் என்று எதிர்பார்த்தேன். அவர் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எப்படிங்க இருக்கு?" என்று கேட்டேன்.

"நல்லாத்தான் எழுதியிருக்கா. ஆனா அந்த ஆளு கத்துனது ஞாயமில்லைங்க டீச்சர்."

"ஏன்?"

"அவருக்குத் தண்ணி குடுத்தாளே ஒருத்தி, அவதானே அந்தக் கல்லப் படியா போட்டுருப்பா? எத்தன வருசமா அதுல ஏறி எறங்கியிருப்பா, புள்ளைங்கள ஒக்கார வச்சு சோறூட்டியிருப்பா. அவளுக்கு அது சொந்தமில்லையா? அந்த ஆளு கத்துறப்ப அவ எங்கன நின்னா, என்ன நெனச்சா? இவ அதப் பத்தி ஒரு வரி எழுதலியே."

தர்ஷினி என்னைப் பார்த்தாள். அந்தக் கதையைப் பதினெட்டு வருடம் படிப்பித்தவள் நான். தண்ணீர் கொடுத்த பெண்ணுக்கு ஒரு நாளும் ஒரு நிமிடம் ஒதுக்கியதில்லை. என் பழைய நோட்ஸில் அவள் இல்லை, புதிய கேள்வியிலும் இல்லை. வெட்கமாக இருந்தது. அதைவிடச் சந்தோசமாக இருந்தது. ஒரு கதை இத்தனை வருடம் எனக்கு முன்னால் இருந்துகொண்டே பாதியை ஒளித்து வைத்திருக்கிறதே!

புதிய ஆசிரியர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். கட்டுரைக் கேள்விக்குப் பிள்ளைகளைத் தயார்படுத்துவதென்றால், அவர்களோடு உட்கார்ந்து நீங்களும் அந்தக் கதையைப் புதிதாக வாசிக்க வேண்டும். உங்களுக்கு விடை தெரியாத இடம் வரும்வரை விடாமல் வாசிக்க வேண்டும்.

கூட்டம் கலைந்த பிறகும் செல்வமலர் போகவில்லை. தர்ஷினி கொப்பியைத் திறந்தாள்.

"டீச்சர், அந்தப் பொம்பளையப் பத்தி இப்பவே எழுதட்டுமா?"

"எழுது. எனக்கும் ரெண்டு தாள் கிழிச்சுக் குடு" என்று சொல்லிவிட்டு, அவள் பக்கத்திலேயே வாங்கில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினேன்.